அம்பும் ஆறிலக்கமும்: இரண்டு பின்மூடிகள்

இரண்டு குரோனோகிராஃப் மணிக்கூடுகளை மேசையில் முகங்குப்புற வைப்போம். ஒன்று, பிரித்தானிய அரச கடற்படைக்காக லெமானியா நிறுவனம் 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் செய்து கொடுத்த ஒற்றைப் பொத்தான் மணிக்கூடு. மற்றது, 1970களில் உலகமெங்கும் விற்ற சீக்கோவின் தானியங்கி மணிக்கூடு, 6139 என்ற இயந்திரம் கொண்டது. முகப்பைப் பார்த்தால் எவரும் ஒரு நொடியில் இரண்டையும் பிரித்துவிடுவார். பின்மூடிகளை அருகருகே வைத்து வாசிக்கும்போதுதான் இவற்றுக்கிடையே ஒரு விசித்திரமான உறவு புலப்படுகிறது.

உப்புவெளியிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தின் இருபதாம் நூற்றாண்டு இரண்டு காலங்களாகப் பிரிகிறது. 1957 அக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்படும்வரை இங்கே நேரத்தை அளந்தவை அரச கடற்படையின் மணிக்கூடுகள். 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, வளைகுடா நாடுகளுக்கு ஆட்கள் உழைக்கப் போகத் தொடங்கிய பின்னர், ஊர் திரும்பியவர்களின் மணிக்கட்டில் வந்தவை யப்பானிய மணிக்கூடுகள். முதலாவது காலத்தின் அடையாளம் அம்புக்குறி. இரண்டாவது காலத்தின் அடையாளம் ஆறிலக்க எண்.

கடற்படையின் மூடியில் முதலில் கண்ணில் படுவது அகன்ற அம்பு: மூன்று கோடுகள் மேலே ஒரு முனையில் கூடும் குறி. அதன் இருபுறமும் ‘எச்.எஸ்.’ என்ற எழுத்துகளும் 9 என்ற இலக்கமும். அந்த எழுத்துகள் நீரளவியல் துறையைச் சுட்டுகின்றன. கடற்படையின் கடிகாரங்களெல்லாம் நெடுங்காலமாக அத்துறையின் பொறுப்பில்தான் இருந்தன. கீழே ஒரு வழங்கல் எண். அவ்வளவே. செய்தவர் பெயர் வெளியே இல்லை. பெரும்பாலும் ஆண்டும் இல்லை. கொட்டியாரத்து வெளிகளில் மாட்டுக்குக் குறிசுடுகிறவர் கன்று பிறந்த நாளையா சுடுகிறார்? உரிமையைத்தான் சுடுகிறார். அகன்ற அம்பும் அதே வேலையைத்தான் செய்தது. 1875ஆம் ஆண்டின் பிரித்தானிய அரச பண்டச் சட்டம் அந்தக் குறியை அழிப்பதையே குற்றமாக்கியிருந்தது.

சீக்கோவின் மூடி எதிர்த்திசையில் பேசுகிறது. அங்கே செய்தவர் பெயர் உண்டு, உலோகம் உண்டு, யப்பான் என்ற நாட்டின் பெயரும் உண்டு. இயந்திர எண்ணும் கூட்டின் எண்ணும் ஒரு சிறு கோட்டால் இணைந்திருக்கும்: 6139, பிறகு 6002 என்பது போல. இவற்றோடு ஆறிலக்கத் தொடரெண். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம்; இரண்டாவது இலக்கம் மாதம். ஒக்டோபருக்கு ‘ஓ’ அல்லது சுழியம், நவம்பருக்கு ‘என்’, டிசம்பருக்கு ‘டி’. எண் 73 என்று தொடங்கினால் அந்த மணிக்கூடு 1977 மார்ச்சில் பிறந்தது. பத்தாண்டு எது என்பதை மூடி சொல்லாது. 6139 இயந்திரம் 1969இல் வந்து 1970களின் இறுதியோடு நின்றுவிட்டதால் அதை நாமே கண்டுகொள்ளலாம். ஒன்பதில் தொடங்கும் எண் மட்டும்தான் 1969ஆ 1979ஆ என்று தயங்க வைக்கும். அதற்கும் மூடியிலேயே விடை உண்டு, சற்றுப் பொறுப்போம்.

ஆக, ஒரு மூடி மணிக்கூடு யாருடையது என்று சொல்லிப் பிறப்பை மறைக்கிறது. மற்றது பிறப்பை மாதம்வரை சொல்லி, உடையவர் யார் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறது. ஒன்று மௌனமாகும் இடத்தில் மற்றது பேசுகிறது. சேகரிப்பவரின் உழைப்பும் இதற்கேற்ப மாறுகிறது. கடற்படை மணிக்கூட்டை வைத்திருப்பவர் அதன் காலத்தைத் தேடுகிறார்: கூட்டின் வடிவம், முள்ளின் வடிவம், இயந்திரத்தின் எண் என்று மூடிக்கு வெளியே போகிறார். சீக்கோவை வைத்திருப்பவர் அதன் மனிதர்களைத் தேடுகிறார்: எந்தக் கடையில் வாங்கியது, யார் கட்டியது, யாருக்குக் கொடுத்தது என்று வீட்டுக் கதைகளுக்குள் போகிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடற்படை மூடி உரிமையைச் சொல்கிறதே தவிர, கட்டியவரின் பெயரைச் சொல்வதில்லை. உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் பொதுநலவாயக் கல்லறை இருக்கிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் படைப்பிரிவின் சின்னம், பதவி, பெயர், இறந்த நாள் எல்லாம் தனித்தனியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதே படை தன் மணிக்கூட்டின்மீது இலக்கத்தை மட்டும் பொறித்தது. அந்த இலக்கத்தை இன்னாருக்குக் கொடுத்தோம் என்பது களஞ்சியப் பேரேட்டில் இருந்தது. பேரேடு மணிக்கூட்டோடு பயணம் செய்யவில்லை. 1940களின் நடுவில் சீனன்குடா விமானத்தளம் ‘பம்பாரா’ என்ற பெயரில் கடற்படையின் வான்பிரிவிடம் இருந்தது. அதுபோன்ற ஒரு தளத்தில் ஒரே மணிக்கூடு எத்தனை கைகள் மாறியிருக்கும் என்பதற்கு மூடியில் சுவடே இராது.

இனி ஒப்பீட்டின் மையத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

நேட்டோ முறைப்படியான பண்ட எண்கள் வந்தபின் ‘எச்.எஸ்.’ எழுத்துகள் மறைந்தன. அவற்றின் இடத்தில் 0552 என்ற முன்னெண்ணும், அதையடுத்து 924-3306 என்ற பண்ட எண்ணும் வந்தன. வான்படைக்கு வழங்கப்பட்டதானால் 0552 இராது; 6பிபி என்றிருக்கும். மற்றபடி அதே 924-3306. லெமானியாவின் மணிக்கூட்டில் இந்த எண்ணைப் பார்க்கலாம். பிறகு 1970களில் விலை குறைந்த மணிக்கூடுகளை நாடிய அரசு ஹாமில்டன், சி.டபிள்யூ.சி., பிரெசிஸ்டா, நியூமார்க் ஆகிய நான்கு பெயர்களில் வாங்கியது. அவற்றிலும் அதே எண்தான். லெமானியாவுக்குப் பொத்தான் ஒன்று, இவற்றுக்கு இரண்டு. லெமானியாவுக்குத் தூண்சக்கர இயந்திரம். இவற்றுக்கு அதைவிட எளிய வால்ஜூ 7733. செய்தவர் வேறு, உள்ளுறுப்பு வேறு, விலை வேறு. ஆனால் அரசின் பட்டியலில் எல்லாமே ஒரே பண்டம். அந்த எண் மணிக்கூட்டை அடையாளம் காட்டுவதில்லை. அது செய்யவேண்டிய வேலையைத்தான் அடையாளம் காட்டுகிறது.

சீக்கோவில் இது அப்படியே தலைகீழ். 6139-6000, 6001, 6002, 6005 ஆகிய நான்கையும் வரிசையாக வைத்தால் பழக்கமில்லாத கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. உள்ளே ஓடும் இயந்திரமும் ஒரே குடும்பம். சந்தைக்கும் காலத்துக்கும் ஏற்ப இலக்கம் மட்டும் மாறுகிறது. 1973 நவம்பரில் தொடங்கி 84 நாள் விண்ணில் இருந்த ஸ்கைலாப் பயணத்தில் வில்லியம் போக் தன் சொந்த மணிக்கூடாகக் கட்டியிருந்தது மஞ்சள் முகப்புள்ள 6005. அதே மஞ்சள் முகப்போடு 6002 ஒன்று கிடைத்தால் சந்தையில் அதையும் ‘போக்’ என்றே அழைப்பார்கள். இரண்டையும் பிரித்துக் காட்டுவது பின்மூடி.

ஆக, கடற்படை மரபில் வெவ்வேறு மணிக்கூடுகளுக்கு ஒரே எண். சீக்கோ மரபில் ஏறத்தாழ ஒரே மணிக்கூட்டுக்கு வெவ்வேறு எண்கள். இரண்டும் எண்ணை நம்பிய அமைப்புகள்தாம். ஒன்று வாங்குபவரின் எண், மற்றது செய்பவரின் எண். வாங்குபவருக்குப் பண்டம் வேலை செய்தால் போதும், ஆகவே வேற்றுமைகளைச் சேர்த்துக் கட்டினார். செய்பவருக்கு எந்த உதிரிப்பாகம் எந்தக் கூட்டுக்குப் பொருந்தும் என்பது தெரியவேண்டும், ஆகவே ஒற்றுமைகளைக்கூடப் பிரித்துவைத்தார். இந்தத் தர்க்கம் பிடிபட்ட பிறகு, மனப்பாடம் செய்யவேண்டிய அட்டவணைகளாகத் தெரிந்த பின்மூடி வேறுபாடுகள் தாமாகவே பொருள் தரத் தொடங்குகின்றன.

வேறுபாடுகள் ஏன் தோன்றின என்று கேட்டால் இன்னொரு உறவு வெளிப்படும். கடற்படை மூடியில் எழுத்து மாறியதற்குக் காரணம் நேட்டோ நாடுகளின் பண்டப் பட்டியல். சீக்கோ மூடியிலும் ஒரு சொல் மாறியது. 1969இலும் 1970இலும் செய்தவற்றில் ‘வாட்டர் 70 மீற்றர் புரூஃப்’ என்றிருக்கும். அதன்பின் ‘புரூஃப்’ போய் ‘ரெசிஸ்ட்’ வந்தது. தண்ணீர் புகவே புகாது என்ற உறுதிமொழியை மணிக்கூட்டு வணிகத்திலிருந்து அகற்றும்படி 1960களில் அமெரிக்க வணிக ஒழுங்கு அமைப்பு வற்புறுத்தியது. உலகச் சந்தையை நாடிய நிறுவனங்கள் சொல்லை மாற்றிக்கொண்டன. இரு மூடிகளிலும் மாற்றம் மணிக்கூட்டுக்காரரின் பட்டறையில் பிறக்கவில்லை, காகிதத்தில் பிறந்தது. இயந்திரத்தில் ஒரு திருகுகூட மாறாதபோதும் மூடி மாறியிருக்கிறது. மேலே ஒன்பதில் தொடங்கும் எண்ணைப் பற்றித் தயங்கினோம் அல்லவா? மூடியில் ‘புரூஃப்’ இருந்தால் அது 1969. ‘ரெசிஸ்ட்’ இருந்தால் 1979. இலக்கம் விட்ட இடத்தைச் சொல் நிரப்புகிறது.

பொய் புகும் வழியிலும் இரண்டும் எதிரெதிர். கடற்படை மூடி கூட்டலால் பொய் சொல்லும். அம்பில்லாத பழைய மணிக்கூட்டின் வெற்று மூடியில் அம்பும் இலக்கமும் பொறித்துவிட்டால் விலை பலமடங்கு ஏறும். ஆகவே பொறிப்பின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். எழுபது ஆண்டு வியர்வை பட்ட வெட்டின் விளிம்பு மழுங்கியிருக்கும். மூடியில் விழுந்த கீறல்கள் எழுத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும். கீறல் எழுத்தருகில் வந்து நின்று, எழுத்தின் பள்ளம் மட்டும் புதிதாகப் பளபளத்தால், கீறலுக்குப் பிறகு எழுத்து வந்திருக்கிறது என்று பொருள்.

சீக்கோ மூடி மாற்றலால் பொய் சொல்லும். திருகு மூடி என்பதால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் பூட்டுவது எளிது. பழுது பார்ப்பவர் பல நேரங்களில் ஏமாற்றும் நோக்கமே இன்றி, நல்ல மூடியைக் கெட்டதற்குப் பதிலாகப் போட்டிருப்பார். இதற்கு மருந்து முகப்பில் இருக்கிறது. தொடக்ககால முகப்புகளிலும் ‘70 மீற்றர் புரூஃப்’ என்ற சொற்கள் உண்டு, பிறகு ‘ரெசிஸ்ட்’ ஆனது, பிறகு அந்த வரியே இல்லாமற்போனது. முகப்பும் மூடியும் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும். ஆனால் முகப்பின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணும் மூடியின் எண்ணும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக்கூடாது. தொழிற்சாலையிலேயே அவை வேறுபட்டன. புதியவர்கள் நல்ல மணிக்கூட்டைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மும்பையில் மறுபூச்சுப் பூசிய முகப்புகளும் ஏராளம். அவற்றின் எழுத்து தடித்தோ சரிந்தோ இருக்கும், மூடி உண்மையாகவே இருக்கும். அப்போது மூடி தனியே நின்று சாட்சி சொல்கிறது.

இரண்டுக்கும் பொதுவான எதிரி கடற்காற்று. எங்கள் கரையில் மூடியும் கூடும் சேரும் வளையத்தில் உப்பும் வியர்வையும் தங்கி, துருப்பிடிக்காத உருக்கையும் புள்ளிபுள்ளியாகத் தின்றுவிடும். மூடியின் வெளிமுகத்தில் தோலோடு உரசும் பகுதி தேயும். தேய்ந்ததைப் பளபளப்பாக்கித் தரும்படி கேட்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறும். முகப்பைப் புதுப்பித்தால் அழகுதான் போகும்; மூடியைத் தேய்த்தால் இருக்கும் ஒரே ஆவணமும் போய்விடும்.

ஒரே ஆவணம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஐரோப்பாவிலோ யப்பானிலோ சேகரிப்பவர் பெட்டியும் உத்தரவாத அட்டையும் கேட்பார். திருகோணமலையில் அதைக் கேட்பது பொருந்தாது. மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த வீடுகளில் காகிதம் தங்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மிஞ்சியிருந்த பெட்டிகளும் போயின. கட்டிய கையோடு தப்பியது மணிக்கூடு. கடற்படையின் பேரேடு ஒரு வழியில் தொலைந்தது, வளைகுடாக் கடையின் பற்றுச்சீட்டு வேறொரு வழியில் தொலைந்தது. முடிவில் இரண்டு மணிக்கூடுகளும் ஒரே நிலையில், மூடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்கின்றன.

இப்படி நின்றபின் இரண்டுமே தம் மௌனத்தைக் கலைத்த இடங்கள் உண்டு. படைப்பண்டம் ஒன்றை அரசு விற்றுவிட்டால் பழைய அம்புக்கு எதிரே இன்னொரு அம்பை முனையோடு முனை சேர்த்துப் பொறிப்பது பிரித்தானிய வழக்கம். விடுவிக்கப்பட்டது என்பதற்கு அடையாளம். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போனபோது பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துப் புதிய எண்ணைப் பொறித்த மூடிகளும் உண்டு. சேகரிப்பவர் சிலர் இவற்றைக் குறையாகக் கருதி விலை குறைப்பார்கள்; எனக்கு இவை மிக உயர்ந்தவை. உரிமையை மட்டுமே சொன்ன மூடி இங்கேதான் வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறது. அதுபோலவே சீக்கோவின் மூடியில், தொழிற்சாலை எழுத்துகளுக்கு நடுவே, கடைத்தெருப் பொறிப்பாளர் ஒருவர் வெட்டிய பெயரெழுத்துகளும் கல்யாணத் திகதியும் இருக்கக்கூடும். பிறப்பை மட்டுமே சொன்ன மூடி இங்கே உரிமையைச் சொல்கிறது. அந்தப் பொறிப்பையும் சந்தை குறையாகவே எண்ணுகிறது. இரண்டு இடத்திலும் சந்தை தவறு செய்கிறது என்பது என் துணிபு.

மூடியைத் திறந்தால் உறவு இன்னும் நெருங்குகிறது. இரண்டு மூடிகளின் உட்புறத்திலும், உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு மட்டும் தெரியும்படி, ஊசியால் கீறிய சிறு எழுத்துகள் இருக்கும்: பழுது பார்த்தவர் இட்ட திகதியும் தன் குறியும். மீண்டும் வந்தால் தன் வேலைதானா என்று அறிவதற்காக உலகெங்கும் மணிக்கூட்டுக்காரர் செய்வது இது. வெளிப்புறத்தில் ஒரு பேரரசும் ஒரு பெருநிறுவனமும் வெவ்வேறு மொழி பேசினாலும் உட்புறத்தில் இரண்டும் ஒரே மொழிதான். இன்னொரு வியப்பு இயந்திரத்தில். லெமானியாவில் குரோனோகிராஃபை ஓட்டி நிறுத்துவது தூண்சக்கரம்; மலிவு நாடிய 1970களின் படை மணிக்கூடுகள் அதைக் கைவிட்டன என்று பார்த்தோம். கடைத்தெருவில் பொதுமக்களுக்கு விற்ற சீக்கோ 6139 அதைக் கைவிடவில்லை. தூண்சக்கரத்தோடு செங்குத்துப் பற்றியையும் சேர்த்து, குரோனோகிராஃப் முள் துள்ளாமல் கிளம்பும்படி செய்திருந்தது. உறுப்பமைப்பை அளவுகோலாகக் கொண்டால், லெமானியாவுக்கு நெருங்கிய உறவு அதன் இடத்துக்கு வந்த படை மணிக்கூடுகள் அல்ல, இந்தச் சீக்கோதான்.

கடைசியாக, இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளி. 1942 ஏப்ரல் 9 காலையில் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கிய யப்பானியக் கப்பற்படையின் விமானிகளுக்கு மணிக்கூடு செய்துகொடுத்தது ஹட்டோரி குடும்பத்தின் செய்கோஷா தொழிற்சாலை. சீக்கோ என்ற பெயர் வளர்ந்தது அந்த வீட்டில்தான். நாற்பத்தொரு ஆண்டுகள் கழிந்தன. 1983இல் அதே சீக்கோ முட்களோடு கூடிய முதல் குவார்ட்ஸ் குரோனோகிராஃபான 7ஏ28ஐ வெளியிட்டது. 1984 முதல் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு அதை வாங்கித் தன் வான்படைக்கு வழங்கியது.

அந்த மணிக்கூட்டின் பின்மூடியில் இரண்டு மொழிகளும் ஒன்றாக இருக்கின்றன. தொழிற்சாலை பொறித்த 7ஏ28-7120 என்ற எண்ணும் பிறந்த மாதத்தைச் சொல்லும் ஆறிலக்கமும் உண்டு. படை பொறித்த அகன்ற அம்பும் உண்டு; அதோடு 6645-99 என்று தொடங்கும் பண்ட எண்ணும், வழங்கல் எண்ணும், ஆண்டும் உண்டு. 6645 என்பது நேரம் அளக்கும் கருவிகளின் வகுப்பு. 99 பிரித்தானியாவைக் குறிப்பது. எச்.எஸ். மூடியில் பிறப்பு இல்லை, 6139இன் மூடியில் உடைமை இல்லை. இங்கே இரண்டும் இருப்பதால் ஒன்றைக் கொண்டு மற்றதைச் சோதிக்கலாம். ஆறிலக்க எண் 43 என்று தொடங்கி, அம்புக்குக் கீழே 84 என்றிருந்தால், 1984 மார்ச்சில் பிறந்து அவ்வாண்டுக்குள்ளேயே படையின் கணக்கில் ஏறியது என்று வாசிக்கலாம். ஆறிலக்கம் ஐந்தில் தொடங்கி, அம்புக்குக் கீழே 84 என்றிருந்தால், பிறப்பதற்கு முன்பே வழங்கப்பட்டதாகிவிடும். அங்கே மூடி மாறியிருக்கிறது, அல்லது அம்பு பின்னால் வெட்டப்பட்டிருக்கிறது. பணத்தை எடுக்குமுன் செய்யவேண்டிய கணக்கு இது, அரை நிமிடம் போதும்.